முயற் குட்டிகளின் பால் அறிதல்: இரண்டு ஆண் முயல்களை ஒரே கூட்டில் வளர்த்தலால் வரும் கேடு

பனங்கொட்டையை ஊன்றியவர் அது ஆண்பனையோ பெண்பனையோ என்பதைப் பாளை வெளிவரும் வரை அறிய முடியாது. அதற்குப் பல ஆண்டுகள் செல்லும். பப்பாசி நடுபவர் ஒரு குழியில் இரண்டு மூன்று கன்றுகளை வைத்து, அவை பூத்த பின்னரே வேண்டாத ஆண் மரங்களை வெட்டி அகற்றுகின்றார். மரங்களைப் பொறுத்தவரை இவ்வாறு காத்திருத்தல் தவிர்க்க முடியாதது. ஆனால் முயல் வளர்ப்பவர் அத்துணை காலம் காத்திருக்க வேண்டியதில்லை. குட்டி எட்டு வார வயதை அடைந்ததும், நல்ல வெளிச்சத்தில் ஐந்து நிமிட நேரம் செலவிட்டால் அதன் பாலைத் தெளிவாக அறிந்துகொள்ளலாம். இவ்வைந்து நிமிடத்தைச் செலவிடாமையால் ஆறு மாதத் தீனும் உழைப்பும் வீணாவதுடன், வளர்த்த பிராணியும் உயிரிழக்க நேரிடலாம்.

நெல், மரக்கறி ஆகியவற்றைச் செய்கைபண்ணும் குடும்பங்களுக்கு முயல் வளர்ப்பு ஏற்றதொரு துணைத் தொழிலாகும். வரம்பிலும் வேலியோரத்திலும் வளரும் புல்லும், தோட்டத்தில் எஞ்சும் இலைகுழைகளும் அவற்றின் உணவிற் பெரும்பகுதியாக அமையும். கூட்டின் கீழ்ச் சேரும் எரு மரக்கறிப் பாத்திகளுக்கு நன்கு பயன்படும். பிள்ளைகள் செல்லமாக வளர்ப்பதற்காகவும் பலர் ஒரு சோடி முயல்களை வாங்குகின்றனர். எந்நோக்கத்துடன் வளர்த்தாலும் முதலில் அறிய வேண்டியது, வாங்கியது உண்மையில் ஆணும் பெண்ணுந்தானா என்பதேயாகும்.

தவறு வளரும் வகை

இத்தவறு ஒரு வீட்டில் எவ்வாறு வளர்கின்றது என்பதைப் பின்வரும் உதாரணத்தாற் காட்டலாம்.

வெங்காயமும் மிளகாயும் பயிரிடும் கமக்காரர் ஒருவர், ஆறு வாரக் குட்டிகள் இரண்டைச் சந்தையில் வாங்கினார். ஒன்று ஆண், மற்றது பெண் என விற்றவர் கூறினார். பருத்த தலையுடையதற்கு வெள்ளையன் என்றும், சிறியதற்கு வெள்ளைச்சி என்றும் அவருடைய மகள் பெயரிட்டாள். இரண்டும் ஒரே கூட்டில், ஒன்றையொன்று நக்கிக்கொண்டு, ஒன்றன்மேலொன்று சாய்ந்து உறங்கி வளர்ந்தன.

நான்காம் மாதத்தில் வெள்ளையன் வெள்ளைச்சியின்மீது ஏறுவதைக் கமக்காரர் கண்டார். முயலின் சினைக்காலம் ஏறத்தாழ 31 நாட்கள் என அவர் அறிந்திருந்தார். ஆகவே நாட்காட்டியில் அந்நாளைக் குறித்து வைத்து, இருபத்தெட்டாம் நாள் வைக்கோல் பரப்பிய பெட்டியொன்றைக் கூட்டினுள் வைத்தார். வெள்ளைச்சி வெள்ளையனைத் துரத்தத் தொடங்கியபோது, சினைப்பட்ட பெண் ஆணை அண்டவிடாது என வீட்டார் கருதினர். கூட்டின் தரையில் மயிர்க் கற்றைகள் கிடந்தபோது, தாய் குட்டிகளுக்குப் படுக்கை அமைக்கின்றது என மகிழ்ந்தனர். முப்பத்தைந்து நாட்கள் கடந்தும் குட்டி பிறக்கவில்லை. தீன் போதாமையாற்றான் இவ்வாறாயிற்று என எண்ணிய கமக்காரரின் மனைவி, தீனைக் கூட்டி வைத்தார்.

ஐந்தாம் மாதத்தில் ஓரிரவு கூட்டிலிருந்து பெருஞ் சத்தம் கேட்டது. விளக்குடன் சென்று பார்த்தபோது வெள்ளைச்சி ஒரு மூலையில் ஒடுங்கிக் கிடந்தது. அதன் பின்புறத்தில் இரத்தம் வடிந்தது. காலையில் அதனைக் கடகத்தில் வைத்துக் கால்நடை வைத்தியரிடம் கொண்டு சென்றனர். வைத்தியர் அதனைப் புரட்டிப் பார்த்து, இதுவும் ஆண் முயலே என்றும், மற்றது இதன் விதைப்பையைக் கடித்துக் கிழித்துவிட்டது என்றும் கூறினார்.

அவ்வீட்டார் கவனமற்றவர்களல்லர். நாளை எண்ணினர், பெட்டி வைத்தனர், தீனைக் கூட்டினர். ஆயினும் சோடி சரியானது என்ற நம்பிக்கையைக் கொண்டே தாம் கண்ட ஒவ்வோர் அறிகுறிக்கும் பொருள் கண்டனர். மேலே ஏறுதல் இரு ஆண்களிடையேயும், இரு பெண்களிடையேயுங்கூட நிகழும். அஃது இனச்சேர்க்கைக்குச் சான்றாகாது. பல வேளைகளில் ஒன்றையொன்று அடக்கும் முயற்சியேயாகும். ஈனப்போகும் பெண் முயல் தன் மார்பிலும் வயிற்றிலுமுள்ள மயிரைத் தானே பிடுங்கிப் படுக்கையிற் சேர்க்கும். சண்டையிற் பிடுங்கப்பட்ட மயிரோ முதுகிலிருந்தும் பின்புறத்திலிருந்தும் வந்து, கூடெங்கும் கற்றை கற்றையாகச் சிதறிக் கிடக்கும். இவ்வேறுபாட்டை நோக்கியிருந்தால் அச்சண்டையை முன்னரே தடுத்திருக்கலாம்.

பால் அறிதலில் தவறு நேர்வதற்குக் காரணங்கள்

1. இளங்குட்டிகளில் ஆண் உறுப்புக்கும் பெண் உறுப்புக்குமுள்ள வேறுபாடு மிகச் சிறிது. பழக்கமுள்ளவர் மூன்று நான்கு வாரங்களிலேயே இதனை அறிவர். ஏனையோர் எட்டு வாரம் வரை பொறுத்தல் நன்று.

2. ஆணின் விதைகள் ஏறத்தாழ பத்து முதற் பன்னிரண்டு வார வயதிலேயே விதைப்பையினுள் இறங்குகின்றன. அதற்கு முன்னர் விதை தென்படாமையைக் கொண்டு பெண் எனத் தீர்மானித்தல் தவறு.

3. வளர்ந்த ஆண் முயலுங்கூட அச்சமுற்றபோது விதைகளை வயிற்றினுள் இழுத்துக்கொள்ளும். இஃது ஆட்டுக் கடாவிலும் எருதிலும் காணப்படாத இயல்பாகும்.

4. இரு பாலிலும் பிறப்புறுப்பின் இரு பக்கங்களிலும் மயிரற்ற சிறு குழிகள் உண்டு. அவற்றில் மணமுள்ள கபில நிறப் பசை காணப்படும். இவை மணச்சுரப்பிகளாகும். பழக்கமில்லாதோர் இவற்றை விதைப்பை என மயங்குவதுண்டு.

5. தலையின் பருமை, உடலின் அளவு, நிறம், சாந்தம், துடுக்கு என்பவை குட்டிகளின் பாலைக் காட்டமாட்டா. முலைக்காம்பைக் கொண்டும் தீர்மானித்தலாகாது. வளர்ந்த பெண் முயலின் கழுத்தின் கீழ்த் தொங்கும் சதை மடிப்புப் பெரிதாயிருப்பினும், சில ஆண்களிலும் அது சிறிதளவு உண்டு.

பால் அறியும் முறை

முயலின் முதுகெலும்பு எளிதில் முறியத்தக்கது. பிடித்திருக்கும்போது அது பின்னங்கால்களை வேகமாக உதைத்தால், தன் உதையினாலேயே முதுகெலும்பு முறிந்துவிடலாம். ஆதலாற் பின்வரும் ஒழுங்கைக் கைக்கொள்ளல் வேண்டும்.

முதலாவதாக, தாழ்ந்த ஆசனமொன்றிற் பகல் வெளிச்சத்தில் அமர்ந்து, மடியிற் சாக்கொன்றை விரித்துக்கொள்க. காதைப் பிடித்துத் தூக்குதல் ஒருபோதும் ஆகாது. ஒரு கையை மார்பின் கீழும் மறு கையைப் பின்பாகத்தின் கீழும் கொடுத்துத் தூக்குக.

இரண்டாவதாக, அதனை மெல்ல மல்லாத்தி, தலை வளர்ப்பவரின் வயிற்றுப் பக்கமாகவும் பின்பாகம் முழங்காற் பக்கமாகவும் இருக்குமாறு மடியில் வைக்குக. அது திமிறினால் விட்டுவிட்டுச் சிறிது நேரத்தின் பின்னர் மீண்டும் முயல்க. இருவர் இருப்பின் ஒருவர் பிடிக்க மற்றவர் பார்க்கலாம்.

மூன்றாவதாக, வாலைச் சுட்டுவிரலுக்கும் நடுவிரலுக்கும் இடையிற் பிடித்துக்கொண்டு, பிறப்புறுப்பு வாயிலுக்குச் சற்று மேலே வயிற்றுப் பக்கமாகப் பெருவிரலால் மென்மையாக அழுத்துக. வாலின் அடியிலுள்ளது குதம். அதற்கு மேலே வயிற்றை நோக்கியுள்ளதே பிறப்புறுப்பு. அழுத்தும்போது உறுப்பின் உட்பகுதி சிறிது வெளிப்படும்.

ஆணாயின் வெளிப்படும் பகுதி உருண்டு, குறுகிய குழாயைப் போன்று நிமிர்ந்து நிற்கும். அதன் நுனியில் வட்டமான சிறு துளை காணப்படும். உறுப்புக்கும் குதத்துக்கும் இடையிலுள்ள தூரமும் சற்று அதிகமாயிருக்கும்.

பெண்ணாயின் வட்டத் துளை இராது. நெல்மணியின் நடுக்கோட்டைப் போன்று, குதத்தை நோக்கி நீண்ட கீற்றுக் காணப்படும். வெளிப்படும் பகுதி இலையின் நுனிபோல் அமைந்து, குதப் பக்கமாகச் சரிந்திருக்கும். உறுப்புக்கும் குதத்துக்கும் இடையிலுள்ள தூரம் குறைவாயிருக்கும்.

ஒரு குட்டியை மாத்திரம் பார்த்தால் ஐயம் நீங்காது. ஒரே ஈற்றுக் குட்டிகள் பலவற்றை ஒன்றன்பின் ஒன்றாகப் பார்த்து ஒப்பிடின் வேறுபாடு எளிதிற் புலனாகும். வாங்குபவர், விற்பவரின் முன்னிலையிலேயே இதனைச் செய்து பார்த்தல் வேண்டும். விற்பவர் ஏமாற்றும் நோக்கமின்றியே தவறக்கூடும். ஆதலாற் பார்க்கக் கேட்பதில் மனத்தாங்கலுக்கு இடமில்லை. வீட்டிற் பிறந்த குட்டிகளை எட்டாம் வாரத்தில் ஒருமுறையும், பன்னிரண்டாம் வாரத்தில் மறுமுறையும் சோதித்து, ஆண்களின் காதின் உட்புறத்தில் மையால் அடையாளமிட்டு வைத்தல் நன்று. பன்னிரண்டாம் வாரத்தின் பின்னரும் ஐயமுள்ள குட்டியை ஆணாகவே கருதித் தனிக் கூட்டில் வைத்தல் வேண்டும்.

ஆண் முயல்கள் சண்டையிடுவதேன்?

வீட்டு முயல்கள் யாவும் ஐரோப்பிய முயலினத்தின் வழிவந்தவை. இலங்கைக் காடுகளிலும் பற்றைகளிலும் காணப்படும் காட்டு முயல் வேறோர் இனமாகும். அஃது இவற்றுடன் சேர்ந்து குட்டி ஈனாது. ஐரோப்பிய முயல்கள் நிலத்தில் வளை தோண்டிக் கூட்டமாக வாழ்பவை. பிரித்தானிய இயற்கையியலாளரான றொனால்ட் லொக்லி வேல்ஸ் பகுதியில் இம்முயற் கூட்டங்களை நெடுநாட் கவனித்து, தாம் கண்டவற்றை 1964 ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டார். கூட்டத்தில் ஆண்களிடையே உயர்வு தாழ்வு என்ற வரிசை உண்டென்பதும், வலிய ஆண் தன் எல்லையிற் பிற ஆண்களைப் பொறுக்காது துரத்தும் என்பதும் இத்தகைய அவதானிப்புகளால் தெளிவாயின.

திறந்த வெளியில் தோற்ற முயல் ஓடிவிடும். ஓடியதும் சண்டை தீர்ந்துவிடும். கூட்டினுள்ளோ தோற்றது ஓடுவதற்கு இடமில்லை. அது விலகிச் செல்லாமையால், வென்றது மீண்டும் மீண்டும் தாக்குகின்றது. ஆகவே இஃது ஒரு முயலின் கெட்ட குணத்தால் விளைவதன்று. இரண்டையும் ஒரே பெட்டியில் அடைத்தமையால் விளைவதாகும்.

மூன்று மாதம் வரை சகோதரக் குட்டிகள் ஒற்றுமையாயிருக்கும். பருவமடையும்போது, அதாவது சிற்றினங்களில் நான்கு ஐந்து மாதங்களிலும், பேரினங்களில் அதற்குச் சற்றுப் பின்னரும், அவ்வொற்றுமை முறிகின்றது. சிறுநீரைப் பீச்சியடித்தல், தாடையைக் கூட்டில் உரசுதல், ஒன்றையொன்று சுற்றி ஓடுதல், மேலே ஏறுதல், மயிரைப் பிடுங்குதல் என்பன முன்னறிகுறிகள். அடுத்து வருவது கடியாகும். விதைப்பை, வயிறு, காது, கண் என்பவையே பெரும்பாலும் காயமுறும். அண்மையிற் பெண் முயல் இருப்பின் சண்டை இன்னும் கடுமையாகும். இம்முன்னறிகுறிகளில் ஒன்றையேனும் கண்ட நாளிலேயே இரண்டையும் பிரித்தல் வேண்டும்.

சண்டை நிகழ்ந்தபின் செய்ய வேண்டியவை

வெறுங் கையைக் கூட்டினுள் நீட்டுதல் ஆகாது. சண்டையிடும் முயல் கையையும் ஆழமாகக் கடிக்கும். பலகையையோ தடித்த சாக்கையோ இரண்டுக்கும் இடையிற் செலுத்திப் பிரிக்க வேண்டும்.

பிரித்தபின், மயிரை விலக்கி உடல் முழுவதையும் சோதிக்குக. அடர்ந்த மயிரின் கீழ்க் காயம் மறைந்திருக்கும். மட்டமான ஒரு தேக்கரண்டி உப்பை, கொதித்தாறிய நீர் அரை லீற்றரிற் கரைத்துக் காயத்தைக் கழுவுக. எம் நாட்டின் வெப்பத்தில் ஈக்கள் காயத்தில் முட்டையிட்டு, ஒரு நாளுக்குள் புழு உண்டாகலாம். ஆதலாற் காயமுற்ற முயலை ஈ புகாத வலையினுள், உலர்ந்த தூய படுக்கையில் வைத்தல் வேண்டும்.

மனிதருக்குரிய மாத்திரைகளைக் கொடுத்தல் பேராபத்தாகும். பெனிசிலின் வகை மருந்துகளை வாய்வழி கொடுத்தால், முயலின் குடலிலுள்ள நன்மை செய்யும் நுண்ணுயிர்கள் அழிந்து, வயிற்றோட்டத்தால் அது இறக்கலாம். ஆழ்ந்த காயம், விதைப்பைக் கிழிவு, கண் காயம் என்பவற்றுக்கும், பன்னிரண்டு மணி நேரம் தீன் உண்ணாத முயலுக்கும் உடனடியாகக் கால்நடை வைத்தியரை நாட வேண்டும்.

இரண்டு ஆண்களையும் என்செய்வது?

இரத்தம் சிந்தச் சண்டையிட்ட முயல்களை மீண்டும் ஒரே கூட்டில் விடுதல் கூடாது. ஒருநாள் பிரித்து வைத்தால் கோபம் தணியும் என்பது தவறான எண்ணம். கூட்டைப் பெரிதாக்கினும் பயனில்லை. பின்வரும் வழிகளில் ஒன்றைத் தெரிந்துகொள்ளலாம்.

முதல் வழி, தனித்தனிக் கூடுகள் அமைத்தல். நடுத்தர அளவுள்ள முயலொன்றுக்கு, நீளம் 3 அடி, அகலம் 2 அடி, உயரம் 2 அடி கொண்ட கூடு குறைந்த அளவாகும்; இடமுண்டாயின் இன்னும் பெரிதாக அமைத்தல் நன்று. கூடுகளுக்கிடையே கம்பிவலை மாத்திரம் இருப்பின், வலையூடாக மூக்கையும் விரலையும் கடிக்கும். ஆகவே பலகையாலான தடுப்பு வேண்டும். கிடுகால் வேய்ந்த கூரையும், மரநிழலும், காற்றோட்டமும் இன்றியமையாதன. கடும் வெப்பத்தில் ஆண் முயலின் கருவளம் குன்றும். சோடி சரியாயிருந்தும் குட்டி பிறக்காமைக்கு இதுவும் ஒரு காரணமாகும்.

இரண்டாம் வழி, ஒன்றை இனப்பெருக்கத்துக்கு வைத்துக்கொண்டு மற்றதை மாற்றுதல். எட்டு முதற் பத்துப் பெண்களுக்கு ஓர் ஆண் போதுமானது. பெண் முயல் தேடும் அயலவர் ஒருவரிடம் ஆணும், ஆண் தேடுபவரிடம் பெண்ணும் மிகுந்திருக்கக்கூடும். கைமாற்றும்போதும் இரு தரத்தாரும் பாலைச் சோதித்தல் வேண்டும். இனம் சேர்க்கும்போது பெண்ணை ஆணின் கூட்டுக்குக் கொண்டு செல்க. ஆணைப் பெண்ணின் கூட்டில் விட்டால் அது தாக்கப்படலாம். சேர்க்கை முடிந்ததும் பெண்ணைத் திருப்பிக் கொண்டுவருதல் வேண்டும்.

மூன்றாம் வழி, கால்நடை வைத்தியரைக் கொண்டு விதை நீக்குவித்தல். செல்லமாக மாத்திரம் வளர்க்கும் முயலுக்கு இது மிக ஏற்றது. விதை நீக்கிய பின்னரும் ஆறு வாரம் வரை அம்முயலால் பெண் கருத்தரிக்கக்கூடும். அதுவரை தனியே வைத்து, அதன்பின் ஒரு பெண் முயலுடன் படிப்படியாகப் பழக்கலாம். முயல் கூடிவாழும் பிராணியாதலின், விதை நீக்கிய ஆணும் ஒரு பெண்ணும் சேர்ந்த சோடியே நல்ல துணையாக அமையும். விதை நீக்கிய இரண்டு ஆண்கள் அமைதியாக வாழ்தலும் உண்டு. ஆயினும் முன்னரே கடும் சண்டையிட்டவை இணங்குதல் அரிது.

மறுபுறத் தவறு

இரண்டு பெண் முயல்களை ஆணும் பெண்ணும் என வாங்கும் தவறும் நிகழ்வதுண்டு. முயலில் கருமுட்டை வெளிப்படுவது சேர்க்கையின் தூண்டுதலினாலாகும். ஒரு பெண்மீது மற்றொரு பெண் ஏறினும் இத்தூண்டுதல் உண்டாகி, பொய்ச்சினை ஏற்படலாம். அப்பொழுது ஏறத்தாழ பதினாறு முதற் பதினெட்டாம் நாளளவில் அது மயிரைப் பிடுங்கிப் படுக்கை அமைக்கும்; குட்டியோ பிறக்காது. மாதம் நிறையுமுன் படுக்கை அமைக்கும் முயலைக் கண்டால், சோடி இரண்டையும் மீண்டும் சோதித்துப் பார்த்தல் வேண்டும்.

ஆணும் பெண்ணும் இரண்டு பெண்களாகக் கருதப்படுதலே யாவற்றிலும் கெட்டது. நான்காம் மாதத்திலேயே, உடல் முற்றாத பெண் சினைப்பட்டுத் துன்புறும். ஈன்ற நாளிலேயே அது மறுபடியும் கருத்தரிக்கக்கூடும்.

மேலே கூறிய உதாரணத்தில், வெள்ளைச்சியின் கிழிந்த விதைகளைக் கால்நடை வைத்தியர் நீக்கிக் காயத்தைத் தைத்தார். அது பிழைத்தது. வெள்ளையனுக்குத் தனிக் கூடு அமைத்து, சோதித்து வாங்கிய பெண் முயலொன்றைக் கமக்காரர் வேறு கூட்டில் வைத்தார். இரண்டும் பழையபடி ஒன்றாய் உறங்க வேண்டும் என மகள் சில நாட்கள் அழுதாள். ஆறு வாரம் சென்றபின், வெள்ளைச்சிக்கும் துணையாக ஒரு பெண் குட்டி வந்தது. இம்முறை குட்டியை மடியில் வைத்துப் புரட்டிப் பார்த்தவள் மகளே. வெள்ளைச்சி என்ற பெயரை மாத்திரம் அவள் மாற்றவில்லை.

நினைவிற் கொள்ள வேண்டியவை

1. விற்பவரின் சொல்லை மாத்திரம் நம்பாது, வாங்கும்போதே பாலைச் சோதிக்குக.
2. எட்டாம் வாரத்திலும் பன்னிரண்டாம் வாரத்திலும் மீண்டும் சோதிக்குக.
3. வட்டத் துளை ஆண். நீண்ட கீற்றுப் பெண்.
4. பத்து வாரத்துக்கும் பன்னிரண்டு வாரத்துக்கும் இடையில் ஆண்களையும் பெண்களையும் பிரித்து, ஆண்களைத் தனித்தனியே வைக்குக.
5. மேலே ஏறுதலையும் சிதறிய மயிரையும் சினைக்கு அறிகுறியாகக் கொள்ளற்க.
6. சண்டையிட்ட ஆண்களை மீண்டும் ஒன்றாய் அடைக்கற்க.
7. காயத்துக்கு வீட்டு மாத்திரை கொடாது, அண்மையிலுள்ள அரச கால்நடை வைத்திய அலுவலகத்தை நாடுக.